உருகும் துருவங்களும் சூரியனை மறைக்கும் திட்டங்களும்

பூமியின் இரு துருவங்களிலும் பனி வேகமாகக் குறைந்து வருகின்றது என்பது இன்று விவாதத்துக்குரிய விடயமன்று. செய்மதி மூலமான தொடர் பதிவுகள் ஆரம்பமான 1979ஆம் ஆண்டு முதல், ஆர்ட்டிக் சமுத்திரத்தில் கோடை முடிவடையும் செப்டெம்பர் மாதத்தில் எஞ்சியிருக்கும் கடற்பனியின் பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 12 வீதம் என்ற அளவில் சுருங்கி வந்துள்ளது. 2012 செப்டெம்பரில் அது சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராக வீழ்ச்சியடைந்தது. 2025 மார்ச் மாதத்தில் எட்டப்பட்ட குளிர்கால உச்சப் பரப்பும் அதுவரையிலான செய்மதிப் பதிவுகளில் மிகக் குறைந்ததாக அமைந்தது. நீண்ட காலமாகப் பெரும் மாற்றமின்றி இருந்த தென் துருவக் கடற்பனி கூட, 2023ஆம் ஆண்டில் கோடை, குளிர் ஆகிய இரு பருவங்களிலும் முன்னெப்போதும் காணாத அளவுக்குக் குறைந்தது.

இந்நிலையில், சில விஞ்ஞானிகள் மத்தியிலும் செல்வந்த நாடுகளின் ஆய்வு நிறுவனங்கள் மத்தியிலும் ஒரு கருத்து வலுப்பெற்று வருகின்றது. பச்சைவீட்டு வாயுக்களைக் குறைக்கும் முயற்சி மிகவும் மந்தகதியில் செல்கின்றது; துருவங்களோ காத்திருக்கப் போவதில்லை; எனவே நோயாளியை உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்க வேண்டும் என்பதே அந்த வாதம். வளிமண்டலத்தின் உயரத்தில் கந்தகத் துணிக்கைகளைத் தூவிச் சூரிய ஒளியைத் தடுப்பது முதல், கடலடியில் திரைகளை நிறுத்துவது வரை பல யோசனைகள் முன்வைக்கப்படுகின்றன. துருவப் பனியின் அழிவு, இத்தகைய அவசரகாலத் தலையீடுகளை நியாயப்படுத்துமா என்ற கேள்வியை, கடலாலும் மழையாலும் வாழும் ஒரு தீவின் மக்கள் என்ற வகையில் நாமும் ஆராய வேண்டியவர்களாயுள்ளோம்.

இரு வேறு பனிகள்

முதலில் ஒரு தெளிவு அவசியமாகின்றது. துருவப் பனி என்று பொதுவாகக் கூறப்படுவது உண்மையில் இரு வேறுபட்ட பொருள்களாகும். ஒன்று, கடல்நீர் உறைந்து மிதக்கும் கடற்பனி. இது உருகுவதனால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்களவு உயர்வதில்லை. குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகுவதனால் குவளை நிரம்பி வழிவதில்லை என்பதைப் போன்றது அது. ஆனால் கடற்பனிக்கு வேறொரு பணி உண்டு. வெண்பனி படர்ந்த கடற்பனி தன்மீது விழும் சூரிய ஒளியில் 80 வீதத்துக்கும் அதிகமானதை விண்வெளிக்கே திருப்பியனுப்புகின்றது. பனி அகன்ற கருநிறக் கடலோ 10 வீதத்துக்கும் குறைவானதையே திருப்பியனுப்பி, ஏனையவற்றை வெப்பமாக உறிஞ்சிக்கொள்கின்றது. பனி குறையக் குறைய வெப்பம் கூடுகின்றது. வெப்பம் கூடக் கூடப் பனி மேலும் குறைகின்றது. 1979ஆம் ஆண்டு முதல் ஆர்ட்டிக் பிராந்தியம் உலக சராசரியை விட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வந்தமைக்கு இச்சுழற்சி ஒரு முக்கிய காரணமாகும்.

மற்றையது, தரையின் மீது கிலோமீற்றர் கணக்கான தடிப்பில் குவிந்திருக்கும் பனிப்படலம். கிறீன்லாந்துப் பனிப்படலம் முழுமையாக உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீற்றர் உயரும். அந்தாட்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் அந்த உயர்வு 58 மீற்றரளவில் இருக்கும். இவை நடந்து முடிய நூற்றாண்டுகளோ ஆயிரமாண்டுகளோ ஆகலாம். எனினும் தொடக்கம் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. 2002ஆம் ஆண்டு முதலான செய்மதி அளவீடுகளின்படி, கிறீன்லாந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 270 பில்லியன் தொன் பனியை இழந்து வந்துள்ளது. அந்தாட்டிக்காவின் இழப்பு அதன் ஏறத்தாழ அரைப்பங்காகும். சுமார் 360 பில்லியன் தொன் பனி கடலில் கலந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீற்றரால் உயரும் என்பது கணக்கு.

இவற்றுள் விஞ்ஞானிகளின் நித்திரையைக் கெடுப்பது மேற்கு அந்தாட்டிக்காவிலுள்ள துவைட்ஸ் பனியாறாகும். பிரித்தானியாவின் பரப்புக்கு ஒப்பிடக்கூடிய இந்தப் பனியாறு மாத்திரம் முற்றாகக் கரைந்தால் கடல்மட்டம் சுமார் 65 சென்ரிமீற்றரால் உயரும். இதனைக் கரைப்பது மேலிருந்து வரும் வெயில் அல்ல. அடியிலிருந்து வரும் ஒப்பீட்டளவில் இளஞ்சூடான ஆழ்கடல் நீரே பனியின் பாதத்தை அரித்து வருகின்றது. இந்த விடயத்தை வாசகர்கள் மனத்திலிருத்திக் கொள்வது நல்லது. ஏனெனில், பின்னர் நாம் பரிசீலிக்கவுள்ள திட்டங்களின் பெறுமதி பெருமளவுக்கு இதிலேயே தங்கியுள்ளது.

காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உமிழ்வுகள் மிக விரைவாகக் குறைக்கப்பட்டால் இந்நூற்றாண்டின் இறுதியில் கடல்மட்ட உயர்வு 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். உமிழ்வுகள் மிக உயர்ந்த அளவில் தொடர்ந்தால் அது 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரை செல்லலாம். பனிப்படலங்கள் எதிர்பாராத வேகத்தில் சரிந்தால் 2 மீற்றரை அண்மிக்கும் உயர்வையும் முற்றாக நிராகரிக்க முடியாது என அவ்வறிக்கை எச்சரித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைகளுக்குள் தங்கும் மழைநீரே அங்குள்ள கிணறுகளின் உயிராகும். தீவகம், மன்னார், கல்பிட்டி, கிண்ணியா, காத்தான்குடி, கல்முனை எனத் தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் இடங்களிற் பெரும்பாலானவை கடலோடு ஒட்டிய தாழ்நிலங்களாகும். கடல் ஊருக்குள் புகுவதற்கு முன்னரே உப்பு கிணற்றுக்குள் புகுந்துவிடும் என்பதை இவ்விடங்களின் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

முன்வைக்கப்படும் மருந்துகள்

இத்தலையீடுகளில் அதிகம் பேசப்படுவது, தரையிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் உயரத்திலுள்ள படைமண்டலத்தில் கந்தகவீரொட்சைட்டு வாயுவைச் செலுத்துவதாகும். இதற்கு முன்னுதாரணமாகக் காட்டப்படுவது எரிமலைகள். 1991 ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது 15 மில்லியன் தொன்னுக்கும் அதிகமான கந்தகவீரொட்சைட்டு வானத்துக்கு வீசப்பட்டது. அது உருவாக்கிய நுண்துணிக்கைப் போர்வையினால் உலகின் சராசரி வெப்பநிலை ஓரிரு ஆண்டுகளுக்குச் சுமார் அரைப் பாகை செல்சியஸால் தாழ்ந்தது. இதனையே விமானங்கள் மூலம் செயற்கையாகச் செய்யலாம் என்பதே யோசனையாகும். ஓசோன் படை பற்றிய ஆய்வுக்காக 1995இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட போல் குறூட்சன் 2006ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதிய கட்டுரை, அதுவரை பேசவே தயங்கப்பட்ட இவ்விடயத்தை அறிவியல் அரங்கின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. அரசுகள் உமிழ்வைக் குறைக்கத் தவறியமையே அவரை அவ்வாறு எழுதத் தூண்டியது என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, குளிர்காலத்தில் கடற்பனியின் மீது கடல்நீரை இறைத்து, அதனை மேலும் தடிப்பாக உறையச் செய்வதாகும். கனடாவின் வட பகுதியில் இதற்கான சிறிய களப் பரிசோதனைகள் நடைபெற்றுள்ளன. ஆயினும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் செய்த கணக்கின்படி, ஆர்ட்டிக் பரப்பின் பத்திலொரு பங்குக்கு மாத்திரம் இதனைச் செய்வதற்கே சுமார் 1 கோடி காற்றாலைப் பம்பிகள் தேவைப்படும். மூன்றாவது, பனியின் மேல் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவி அதன் ஒளித்தெறிப்பைக் கூட்டுவதாகும். உணவுச் சங்கிலிக்கு ஏற்படக்கூடிய தீங்கு பரிசோதனைகளில் வெளிப்பட்டதை அடுத்து, இதனை முன்னெடுத்த அமெரிக்க அமைப்பு 2025ஆம் ஆண்டில் தன் பணியையே நிறுத்திக்கொண்டது. நான்காவது, துவைட்ஸ் பனியாற்றின் முன்னால் கடலடியில் 80 கிலோமீற்றர் நீளமான திரையை நிறுத்தி, இளஞ்சூடான நீரைத் தடுப்பதாகும். இதன் நிர்மாணச் செலவு 40 முதல் 80 பில்லியன் டொலர் வரை இருக்குமென யோசனையை முன்வைத்தவர்களே மதிப்பிட்டுள்ளனர். பனிப்பாறைகள் உடைந்து மிதக்கும், ஆண்டின் பெரும்பகுதி கப்பல்கள் அணுக முடியாத கடலில் இதனை எவ்வாறு நிறுவுவது என்பது வேறு கேள்வி.

ஆதரவு வாதத்தின் வலிமை

இத்திட்டங்களை ஆதரிப்போர் அனைவரும் எண்ணெய்க் கம்பனிகளின் கைக்கூலிகள் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவர்களது வாதத்தில் மறுக்க முடியாத உண்மைகள் உள்ளன. உலக வளிமண்டலவியல் அமைப்பின் தரவுகளின்படி 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை கைத்தொழில் யுகத்துக்கு முற்பட்ட நிலையை விட சுமார் 1.55 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. 2015 பரிஸ் உடன்படிக்கையில் நாடுகள் இலக்காகக் கொண்ட 1.5 பாகை எல்லை நீண்டகால சராசரியைக் குறிப்பதாயினும், அதனை நாம் நெருங்கிவிட்டோம் என்பதில் ஐயமில்லை. உயிர்ச்சுவட்டு எரிபொருள்களிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 37 பில்லியன் தொன் காபனீரொட்சைட்டு இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கின்றது. நாளையே அனைத்தும் நிறுத்தப்பட்டாலும், ஏற்கெனவே சேர்ந்த வெப்பத்தினால் பனிப்படலங்கள் பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்து உருகவே செய்யும்.

அன்றியும், மனிதன் வானத்தில் கந்தகத்தைக் கலப்பது புதிய விடயமுமன்று. நிலக்கரியும் கப்பல் எரிபொருளும் வெளியிடும் மாசுத் துணிக்கைகள் இதுவரையான வெப்பமடைதலில் சுமார் 0.4 பாகையை மறைத்து வந்துள்ளதாக மதிப்பிடப்படுகின்றது. 2020ஆம் ஆண்டில் கப்பல் எரிபொருளின் கந்தக அளவு 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டபோது, மக்களின் சுவாசத்துக்கு நன்மை கிடைத்தது. ஆனால் அந்த மறைப்பின் ஒரு பகுதியும் விலகியது. கவனமின்றிச் செய்து வந்ததைக் கவனத்துடன், குறைந்த தீங்குடன் செய்தால் என்ன என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்விக்குப் பதில் கூறாமல் கடந்து செல்ல முடியாது.

மருந்து நோயைத் தீர்க்குமா?

ஓர் அவசர நடவடிக்கை நியாயமானதாக இருப்பதற்கு, ஆபத்து பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. அந்த நடவடிக்கை அந்த ஆபத்தை உண்மையில் தடுப்பதாகவும் இருத்தல் வேண்டும். இங்கேதான் முதல் இடறல் ஏற்படுகின்றது. துருவங்களில் குளிர்கால மாதங்களில் சூரியனே உதிப்பதில்லை. இல்லாத வெயிலை எந்தத் துணிக்கையாலும் தடுக்க முடியாது. கோடையிலும் பனி மூடிய பரப்பு ஏற்கெனவே பெருமளவு ஒளியைத் திருப்பியனுப்புவதால், துணிக்கைகளினால் கிடைக்கும் மேலதிக நன்மை குறைவாகும். துவைட்ஸ் பனியாற்றை அரிப்பதோ ஆழ்கடல் நீர். அந்த வெப்பம் கடலுக்குள் சேர்வதற்குப் பல தசாப்தங்கள் எடுத்தன. மேற்பரப்பு வெயிலைச் சற்று மங்கச் செய்வதனால் அது உடனடியாகக் குளிர்ந்துவிடாது. ஆகவே, எந்தப் பனியின் பெயரால் அவசரம் கோரப்படுகின்றதோ, அந்தப் பனியைக் காப்பதிலேயே இம்மருந்து பலவீனமானதாக உள்ளது.

பிரித்தானியாவின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் சீகர்ட் தலைமையில் சுமார் 40 துருவ ஆய்வாளர்கள் இணைந்து 2025 செப்டெம்பரில் வெளியிட்ட மதிப்பீடும் இதே முடிவுக்கே வந்தது. படைமண்டலத் துணிக்கைகள், கடலடித் திரை, கடற்பனியைத் தடிப்பாக்கல் உள்ளிட்ட ஐந்து திட்டங்களை அவர்கள் செயற்திறன், சாத்தியப்பாடு, பாதிப்பு, செலவு, ஆட்சிமுறை, காலம் போன்ற நோக்குகளில் பரிசீலித்தனர். அடுத்து வரும் தசாப்தங்களில் பொறுப்புடன் நடைமுறைப்படுத்தத்தக்கதென அவற்றில் ஒன்றைக் கூட அவர்களால் பரிந்துரைக்க முடியவில்லை.

அதுமட்டுமன்று. சூரிய ஒளியைத் தடுப்பது காபனீரொட்சைட்டை அகற்றுவதில்லை. மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் ஏறத்தாழ காற்பங்கைக் கடல் உறிஞ்சி அமிலத்தன்மை அடைந்து வருகின்றது. பவளப் பாறைகளும் சிப்பியினங்களும் அதனால் நலிகின்றன. வானத்தை எவ்வளவுதான் மங்கச் செய்தாலும் இது நிற்கப் போவதில்லை. 1987 மொன்றியல் உடன்படிக்கையின் பயனாக மெல்ல மெல்லக் குணமடைந்து வரும் ஓசோன் படையையும், படைமண்டலத்தில் சேர்க்கப்படும் கந்தகம் மீண்டும் பாதிக்கக்கூடும். பினாட்டுபோ வெடிப்பின் பின்னர் ஓசோன் குறைந்தமை இதற்குச் சான்றாகும்.

மழை யாருடையது?

இரண்டாவது இடறல் நம்மை நேரடியாகத் தொடுகின்றது. வட துருவத்தைக் குளிரச் செய்வதற்காக வட அரைக்கோளத்தில் மாத்திரம் துணிக்கைகளைத் தூவினால், இரு அரைக்கோளங்களுக்கும் இடையிலான வெப்பச் சமநிலை குலையும். வெப்பமண்டல மழைப்பட்டி வெப்பம் கூடிய பக்கத்தை நாடிச் செல்லும் இயல்புடையது. ஆகவே அது தெற்கு நோக்கி நகரும். இது வெறும் கற்பனையன்று. 2013ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, ஆபிரிக்காவின் சாஹேல் பிராந்தியத்தில் பதிவான மிக வறண்ட கோடைகளிற் பெரும்பாலானவை வட அரைக்கோளத்தில் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்புகளைத் தொடர்ந்தே வந்தன என எடுத்துக்காட்டியது. அதற்கு முன்னர், 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ரொபொக் குழுவினர் செய்த கணினி மாதிரி ஆய்வு, ஆர்ட்டிக் மீது கந்தகத்தைச் செலுத்துவது ஆசிய, ஆபிரிக்கக் கோடைப் பருவமழையைப் பலவீனப்படுத்தக்கூடும் எனக் காட்டியது.

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே இல்லாத ஆண்டாகியது. பயிர்கள் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வானத்தில் செய்யும் மாற்றம் வயலில் எவ்வாறு விளையும் என்பதற்கு இது ஒரு பழைய பாடமாகும். தென்னாசியாவின் உழவர்கள் மழையின் அளவை மட்டுமன்றி அதன் காலத்தையும் நம்பி வாழ்பவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போகம் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியைப் பார்த்தே விதைக்கப்படுகின்றது. இரு வாரங்கள் பிந்தினாலும் இரு வாரங்கள் கூடினாலும் விளைவது நட்டமே. பருவமழை தவறும்போது, அது இயற்கையின் மாறுபாடா அல்லது எங்கோ பறந்த விமானத்தின் விளைவா என்று எந்த நீதிமன்றத்தில், யாரிடம் நட்டஈடு கேட்பது?

'தற்காலிகம்' என்ற சொல்

மூன்றாவது இடறல் காலம் தொடர்பானது. படைமண்டலத்தில் செலுத்தப்படும் துணிக்கைகள் ஓரிரு ஆண்டுகளில் கீழிறங்கிவிடும். காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருக்கும். எனவே ஆண்டுதோறும் இடைவிடாது மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யுத்தத்தினாலோ, பொருளாதார வீழ்ச்சியினாலோ, ஆட்சி மாற்றத்தினாலோ அது திடீரென நின்றால், அதுவரை மறைக்கப்பட்டிருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளிலேயே வெளிப்படும். நூறாண்டில் வரவேண்டிய மாற்றம் பத்தாண்டில் வந்தால் பயிரும் உயிரினமும் தாக்குப்பிடிக்க மாட்டா.

அவசரகாலத்தின் பெயரால் தற்காலிகமாகக் கொண்டுவரப்படுபவை எவ்வாறு நிரந்தரமாகின்றன என்பதை இந்நாட்டின் மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கென்றே கொண்டுவரப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் மாத்திரம் அதன் பெயரில் அப்படியே நின்றன. உமிழ்வைக் குறைக்கும் வரையில் சில ஆண்டுகளுக்கே இந்தத் தலையீடு என்று கூறுவோரிடம், அதனை நிறுத்தும் திகதி எது, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.

அதிகாரம் பற்றிய கேள்விக்கு இன்று விடையில்லை. 1976ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயம் சூழலைப் போர்க்கருவியாக மாற்றுவதைத் தடை செய்கின்றதேயன்றி, சமாதான நோக்கிலான தலையீட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. 2010இல் உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் உறுப்பு நாடுகள் பெருமளவிலான புவிப் பொறியியலைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டன. எனினும் அது கட்டாயப்படுத்தும் சட்டமன்று. 2024இல் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றாடல் பேரவையில், இது குறித்து ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைக்கும் பிரேரணை கூட இணக்கமின்றி வாபஸ் பெறப்பட்டது. இதற்கிடையில், 2022இல் அமெரிக்கத் தனியார் நிறுவனமொன்று எவரிடமும் அனுமதி பெறாமல் மெக்சிக்கோவில் கந்தகம் நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டது. 2023 ஜனவரியில் மெக்சிக்கோ அத்தகைய பரிசோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. இதற்கு மாறாக, ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2021இல் சுவீடனில் நடத்தவிருந்த பரிசோதனைப் பறப்பு, வட ஐரோப்பாவின் பூர்வீகக் குடிகளான சாமி மக்களின் பேரவை எதிர்த்தமையால் கைவிடப்பட்டது. அத்திட்டமே 2024இல் முடித்துவைக்கப்பட்டது. சிறியதொரு மக்கட் கூட்டமும் ஒன்றுபட்டுக் குரலெழுப்பினால் கேட்கப்படும் என்பதற்கு இது சான்றாகும்.

செய்ய வேண்டியது என்ன?

துருவப் பனியின் இழப்பு ஓர் அவசரநிலையே. ஆனால் அந்த அவசரம் சூரியனை மறைப்பதை நியாயப்படுத்தவில்லை என்பதே நமது கருத்தாகும். ஆபத்தைத் தடுக்கும் என்ற உறுதியில்லாத, தொடங்கினால் நிறுத்த முடியாத, பயனடைவோர் ஒரு புறமும் பாதிக்கப்படுவோர் மறுபுறமுமாக நிற்கக்கூடிய ஒரு நடவடிக்கையை அவசர சிகிச்சை என அழைக்க முடியாது. நோயாளியின் சம்மதமின்றி, நோயாளியல்லாத அயலவருக்கும் சேர்த்து ஊசி ஏற்றுவதற்கே அது ஒப்பாகும்.

ஆய்வையே தடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அறியாமை எவரையும் பாதுகாத்ததில்லை. கணினி மாதிரிகளும் ஆய்வுகூடப் பணிகளும் பகிரங்கமாக, பொது நிதியில், வெப்பமண்டல நாடுகளின் விஞ்ஞானிகளையும் உள்ளடக்கி நடைபெறலாம். பருவமழை பற்றிய முடிவுகளை மழையை அறியாத நாடுகளில் மாத்திரம் எழுத அனுமதிக்கக் கூடாது. ஆனால் திறந்த வானத்திலான பெரும் பரிசோதனைக்கும், இலாப நோக்கிலான தனியார் முயற்சிக்கும் சர்வதேசச் சட்டத்தின் மூலம் கதவடைக்கப்பட வேண்டும்.

விரைவான பலனைத் தரும் வழிகள் இல்லாமலில்லை. மீதேன் வாயு வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளே தங்குகின்றது. ஆனால் இருபதாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட 80 மடங்களவு வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றது. எண்ணெய், எரிவாயுக் குழாய்களின் கசிவை அடைப்பது புதிய கண்டுபிடிப்பு எதனையும் வேண்டி நிற்பதன்று. 2021இல் கிளாஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் 2030ஆம் ஆண்டளவில் மீதேன் உமிழ்வை 30 வீதத்தால் குறைப்பதாக உறுதியளித்தன. அந்த உறுதியை நிறைவேற்றாமல் வானத்தில் கந்தகம் தூவப் புறப்படுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் செயலாகவே அமையும்.

உலகின் காபனீரொட்சைட்டு உமிழ்வில் இலங்கையின் பங்கு 0.1 வீதத்துக்கும் குறைவானதாகும். நோயை உண்டாக்கியதில் நமக்குப் பங்கு மிகச் சிறிது. மருந்தின் பக்கவிளைவில் மட்டும் முழுப் பங்கு கிடைக்க நாம் இடமளிக்கலாகாது. ஆபிரிக்க நாடுகள் பல இத்தொழில்நுட்பங்களைப் பயன்படுத்துவதில்லை என்ற சர்வதேச உடன்பாட்டைக் கோரி வருகின்றன. பருவமழையில் தங்கியுள்ள தென்னாசிய நாடுகளும் அக்கோரிக்கையில் இணைவதற்கு இலங்கை முன்முயற்சி எடுக்கலாம். உள்நாட்டில் கண்டல் காடுகளைப் பேணுவதும், கரையோர நிலத்தடி நீரை அளவோடு எடுப்பதும், குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதும் எவரது அனுமதிக்கும் காத்திராமல் நாமே செய்யக்கூடியவை. துருவத்தில் உருகும் பனியை இங்கிருந்து நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அதன் பெயரால் நமது மழையின் மீது எடுக்கப்படும் தீர்மானத்தில் நமக்கும் ஒரு வாக்கு இருக்க வேண்டும் என்று இன்றே கேட்க முடியும்.